படகுக்கு எண் உண்டு, பைக்குக்கு இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் படித்த பழவேற்காட்டு மாணவர்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. மீன்பிடித் தொழில் செய்பவர். பன்னிரண்டு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு புல்லட் கட்டியிருக்கிறார். பிரேம் ஒரு பழைய வண்டியுடையது. எஞ்சின் வேறொரு வண்டியுடையது. டேங்க் கையால் தட்டியது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், வண்டியை விற்க வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது, வண்டியைப் பார்த்து மயங்கியும் விட்டார். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் எண் வேறு, வண்டியில் இருக்கும் எண் வேறு. "சார், நீங்க சரித்திர வாத்தியார், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். வண்டி விவகாரத்துக்கும் சரித்திர வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் இது முழுக்க முழுக்கச் சரித்திரம்தான்.

முதலில் புல்லட் நம்ம ஊருக்கு வந்த கதை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் வண்டி அது. எல்லையில் ரோந்து போக நம் ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். பழவேற்காட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்குள். முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யத் தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் உள்நாட்டிலேயே உருவானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1970-71 வாக்கில் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. தாய் வீட்டுக்குச் சீர் கொண்டு போன மகள் மாதிரி!

நம் விஷயத்துக்கு முக்கியமானது இன்னொன்று. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புதிய யூ.சி.இ. எஞ்சின் வந்து 2010-ஐ ஒட்டித்தான் அந்தப் பழைய எஞ்சின் விடைபெற்றது. அதனால் அறுபதுகளின் பிரேமில் எண்பதுகளின் எஞ்சினை அதிகச் சிரமமில்லாமல் உட்கார வைக்கலாம். புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்தால் பாதி வண்டி கிடைத்துவிடும். ஒரு தொழிற்சாலை தன் வடிவத்தை மாற்றாமல் இருந்ததால், ஊருக்கு ஊர் ஒரு மெக்கானிக் சின்னத் தொழிற்சாலையாக ஆக முடிந்தது.

டீசல் புல்லட் நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளில் என்ஃபீல்டு கம்பெனியே 325 சி.சி. டீசல் வண்டி விற்றது. டாரஸ் என்று பெயர். ஆறரைக் குதிரைசக்திதான். மெதுவாகப் போகும், ஆனால் குடிப்பது கொஞ்சம். அதற்குள் இருந்தது கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின். அதே கம்பெனியின் டீசல் எஞ்சின்கள் வயல் பம்புசெட்டிலும் ஓடின, நம் கடற்கரைப் படகுகளிலும் ஓடின. படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்கு பைக் எஞ்சின் ஒரு பொருட்டா?

பிரித்துக் கட்டுவது இந்தக் கரையின் பழைய பழக்கம். கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே இருக்கிறது, கட்டிய மரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயவைப்பார்கள். ஒரு மரம் உளுத்துப் போனால் அதை மட்டும் மாற்றுவார்கள். நாலு வருஷத்தில் எல்லா மரமும் மாறிவிட்டால் அது பழைய கட்டுமரமா, புதியதா? அப்படி யாரும் கேட்டதில்லை. அது இன்னாருடைய கட்டுமரம் என்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' முறையில் வகுத்துக்கொண்ட ஊர்கள் இவை. பத்திரத்தைவிட ஊர் நினைவுக்கு இங்கே மரியாதை அதிகம்.

அடுத்து மீன்பாடி வண்டி. காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் சுமந்து சென்னைத் தெருக்களில் ஓடிய மூன்று சக்கர வண்டி. முதலில் பெடல் மிதித்தார்கள். பிறகு பழைய பைக், ஸ்கூட்டர், மொபெட் எஞ்சின்களைப் பூட்டினார்கள். எந்தக் கம்பெனியும் செய்யாத, எந்தப் புத்தகத்திலும் பதிவாகாத வண்டி. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் பிரேக் சரியில்லை, இன்சூரன்ஸ் இல்லை, மோதினால் நஷ்டஈடு கேட்க இடமில்லை. போலீஸ் பிடித்தது, நீதிமன்றம் வரை போனது. வட இந்தியாவில் 'ஜுகாட்' என்று ஓடிய வண்டிகளுக்கும் இதே கதைதான். அவையும் மோட்டார் வாகனங்களே, சட்டத்துக்கு உட்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது.

இனி சட்டத்தின் சரித்திரம். இங்கேதான் மாணவரின் சிக்கல் இருக்கிறது.

1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டியை மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. அதாவது, மாற்று, ஆனால் சொல்லிவிடு. 1988-இல் புதிய சட்டம் வந்தது. அதன் 52-ஆவது பிரிவு முதலில் அனுமதி கேள், பிறகு மாற்று என்றது. 2000-இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி எதையும் மாற்றக்கூடாது என்று ஆகிவிட்டது. அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை முறைப்படி அனுமதி வாங்கி மாற்றுவது போன்ற சில சின்ன வாசல்கள் மட்டும் மிச்சம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது.

'சொல்லிவிட்டுச் செய்' என்று தொடங்கிய சட்டம் எண்பது வருஷத்தில் 'செய்யாதே' என்று முடிந்திருக்கிறது. நெரிசலும் விபத்தும் வண்டித் திருட்டும் பெருகிய காலம் இது. காரணம் இல்லாமல் யாரும் கதவைச் சாத்தவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அப்படியானால் விண்டேஜ் வண்டி என்று பதிவு செய்யலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தனி விதி கொண்டு வந்தது உண்மை. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள தனி எண் பலகை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000. இரண்டு தரப்பும் போக்குவரத்துத் துறைக்குத் தகவல் தந்து விற்கலாம், வாங்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் கூடாது. எல்லாம் சரி. ஆனால் முதல் நிபந்தனையைப் படியுங்கள். வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பழவேற்காட்டில் 50 வருஷம் ஒரு இரும்பு அசலாக இருக்குமா? ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். உப்புக் காற்று மட்கார்டை முதலில் தின்னும், பிறகு ஸ்போக்ஸ், சைலன்சர், கடைசியில் பிரேம். இங்கே வண்டி பிழைத்திருக்கிறது என்றாலே யாரோ அதை வெட்டி, ஒட்டி, மாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அசலாக இருப்பது உலர்ந்த ஊரில், மூடிய கொட்டகையில், ஓட்டாமல் துடைத்து வைக்க வசதி இருப்பவரின் வண்டி. விதி எழுதியவர்கள் உப்புக் காற்றை நினைத்துப் பார்க்கவில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? புல்லட் பிறந்த இங்கிலாந்திலேயே வீட்டில் கட்டிய பைக்குகளுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. நார்ட்டன் பிரேமில் ட்ரையம்ப் எஞ்சினைப் பூட்டி 'ட்ரைட்டன்' என்று பெயர் வைத்து ஓட்டினார்கள் அந்தக் காலத்து இளைஞர்கள். இன்று அவை ரசிகர்கள் தேடிப் போய் வாங்கும் வண்டிகள். அங்கே ஒற்றை வண்டியைத் தனியாகச் சோதித்து அனுமதிக்கும் முறை இருக்கிறது. பல வண்டிகளின் பாகங்களால் ஆன, வயது சொல்ல முடியாத வண்டிக்கு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் எண் தருகிறார்கள். அந்த எழுத்தைப் பார்த்ததுமே வாங்குபவருக்கு விஷயம் தெரிந்துவிடும். ஏமாற்று இல்லை. விலை கொஞ்சம் குறையும், ஆனால் விற்பனை நேர்மையாக நடக்கும்.

நம் நாட்டில் புது மாடலுக்கு மாதிரி வண்டிச் சோதனை உண்டு. அது ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிக்கு ஏற்ற செலவு. ஒரே ஒரு வண்டி கட்டிய குப்பத்து மனிதருக்கு அது எட்டாத கொம்புத் தேன்.

ஆனால் நம் அரசுக்கு இந்த வேலை தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அதே மாணவரின் ஃபைபர் படகைப் பாருங்கள். கரையோரம் ஒரு கூடத்தில் கட்டியது. பெரிய கம்பெனி கிடையாது. மீன்வளத் துறை அதன் நீளம், அகலம், எஞ்சின், கட்டிய இடம் எல்லாம் பார்த்துப் பதிவு செய்து, ஐ.என்.டி. டி.என். என்று தொடங்கும் எண் கொடுக்கிறது. எஞ்சின் பழுதானால் வேறு எஞ்சின் மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறார். கையால் கட்டிய படகில் நடுக்கடலுக்குப் போக வழி வைத்திருக்கிற அரசு, கையால் கட்டிய பைக்கில் பொன்னேரி வரை போக ஒரு வழி வைக்கக் கூடாதா? கடலில் நெரிசல் இல்லை, ரோட்டில் குழந்தைகள் நடக்கிறார்கள் என்பீர்கள். நியாயம். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன். பிரேக்கைப் பாருங்கள், வெல்டிங்கைப் பாருங்கள், விளக்கு, புகை, சத்தம் எல்லாம் பாருங்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். தேறினால் ஒரு தனி எழுத்தில் எண் கொடுங்கள். வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசு மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் புதிய தொழிற்சாலை 2013-இல் வந்ததும் அதே ஒரகடத்தில்தான். மாதத்தில் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

மாணவருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். ஒரு புரோக்கர் அவரிடம், "பழைய எண்ணை ராவிட்டு ஆர்.சி.ல இருக்கிற எண்ணை அடிச்சுத் தரேன்" என்றாராம். அதை மட்டும் செய்யாதே என்றேன். எண்ணை ராவிய வண்டி திருட்டு வண்டியாகத்தான் பார்க்கப்படும். நாளைக்கு வாங்கியவர் மாட்டுவார், பின்னாலேயே விற்றவரும் மாட்டுவார். ஆர்.சி.யில் இருக்கும் பிரேமுக்கு அதே வகை எஞ்சின்தானே மாட்டியிருக்கிறது? எஞ்சின் வாங்கிய ரசீதை எடுத்துக்கொண்டு செங்குன்றம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போ, முறைப்படி ஏற்றுக்கொள்ள வழி உண்டா என்று எழுத்தில் கேள். கிடைத்தால் 29, 30 படிவம் போட்டுப் பெயர் மாற்றிக் கொடு. கிடைக்காவிட்டால் ரோட்டில் ஓட்டும் வண்டி என்று விற்காதே. எஞ்சின் தனி, டேங்க் தனி, பாகம் பாகமாக விற்பனை. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. முழு வண்டியின் விலை கிடைக்காது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிரிக்கிறதுதான் சார் கஷ்டம்" என்றார். பணத்தைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

பன்னிரண்டு வருஷ உழைப்பு முழு வண்டியாக இருக்கும்போது சட்டத்தின் கண்ணில் குற்றம், பிரித்துப் போட்டால் வியாபாரம். இந்தக் கணக்கு எங்கோ தப்பாக இருக்கிறது. டெல்லியில் விதி எழுதுகிறவர்கள் ஒருமுறை நம் கரைக்கு வந்து படகுகளின் எண்ணைப் படித்துப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆர்.சி. புத்தகம், எஞ்சின் வாங்கிய ரசீது, அப்பாவோ தாத்தாவோ வண்டி கட்டிய காலத்துப் போட்டோ ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் யாராவது உறவில் இருந்தால் அவர்கள் கட்டிய வண்டிகளைப் பற்றிக் கேட்டுக் கீழே எழுதுங்கள். போக்குவரத்துத் துறைக்கு ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். வெறும் கையோடு போவதைவிட நாலு பேர் அனுபவத்தோடு போனால் படிப்பார்கள்.