எல்லை தாண்டி வந்த யானைகள்: வேலூர் – கௌண்டின்யா காடுகளை முன்வைத்து, காட்டுயிர் மேலாண்மையில் அறிவியல் முறையின் வளர்ச்சி

முன்னுரை

குடியாத்தத்துக்கு வடமேற்கே மோர்தானா அணையைக் கடந்தால் ஆந்திர எல்லை. அதற்கப்பால் சித்தூர் மாவட்டத்தின் பலமநேர், குப்பம் வரை உசிலும் மூங்கிலும் கலந்த வறண்ட இலையுதிர் காடு கிடக்கிறது. அந்த மலைகளிலிருந்து இறங்கும் கௌண்டின்யா ஆறு குடியாத்தம் வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் யானையே இல்லாதிருந்த அக்காட்டுக்கு, 1980-களில் ஒசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. 1990-இல் சுமார் 357 சதுர கிலோமீட்டர் காடு கௌண்டின்யா காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

யானைக்கு மாநில எல்லை தெரியாது. தோல் தொழிலால் நாடறிந்த பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பகுதிகளுக்கு அருகிலுள்ள மலையடிவார ஊர்களில் நெல்லும் கரும்பும் வாழையும் அதன் வழியில் நிற்கின்றன. அன்று தொடங்கிய சிக்கலில் மனிதர்களும் இறந்திருக்கிறார்கள், மின்கம்பியில் சிக்கி யானைகளும் மாண்டிருக்கின்றன. அகழி வெட்டுவதா, சோலார் வேலி போடுவதா, பிடித்து வேறு காட்டில் விடுவதா என்ற ஒவ்வொரு முடிவும் யானையைப் பற்றிய ஏதோ ஓர் அறிவை நம்பியே எடுக்கப்படுகிறது. அந்த அறிவு எப்படி உருவானது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

1. கண்டவர் சொல்லே சான்றான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னை மாகாண அரசுக்கு யானை ஒரு பயிர் எதிரி. கொன்றவருக்கு வெகுமதி கிடைத்தது. பாரம் இழுக்கவும் மரம் தூக்கவும் யானை தேவைப்பட்டபோது பார்வை மாறியது. 1873-இல் சென்னை மாகாணத்தில் காட்டுயானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1879-இல் இந்திய அளவிலும் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. இவ்விரு முடிவுகளுக்கும் அடியில் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை.

அக்காலத்தில் யானையைப் பற்றி மிகுதியாக அறிந்தவர்கள் பிடிப்பவர்களே. மைசூரில் கெட்டா முறையில் (கூட்டத்தை வளைத்து அடைப்புக்குள் ஓட்டி) யானை பிடித்த ஜி.பி. சாண்டர்சன் 1878-இல் எழுதிய நூலில் நுணுக்கமான அவதானிப்புகள் நிறைய உண்டு. ஆனால் அவை ஒருவரின் கண்ணையும் நினைவையும் மட்டுமே சார்ந்தவை. இன்னொருவர் அதே இடத்துக்குச் சென்று அதே முறையில் சரிபார்க்க வழியில்லை. அனுபவ அறிவின் வலிமையும் வரம்பும் இதுவே.

1933-இல் அமெரிக்காவின் ஆல்டோ லியோபோல்ட் வேட்டை விலங்கு மேலாண்மை பற்றி எழுதிய நூல் இத்துறையைக் கல்வித்துறையாக நிலைநிறுத்தியது. கோடரி, கலப்பை, மாடு, தீ, துப்பாக்கி ஆகிய ஐந்தும் காட்டுயிரை அழித்த கருவிகள். அறிந்து கையாண்டால் அவற்றாலேயே மீட்கவும் முடியும் என்றார் அவர். அந்த ‘அறிந்து’ என்ற சொல்லுக்குப் பொருள் காண்பதில்தான் அடுத்த அரை நூற்றாண்டு கழிந்தது.

2. எண்ணுவதும் மதிப்பிடுவதும்

காட்டில் எத்தனை யானை உண்டு என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். புதருக்குள் நிற்கும் யானையை இருபதடி தொலைவிலும் காணாமல் கடந்துவிடலாம் என்பது காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் லத்தியை எண்ணும் முறை வந்தது. காட்டுக்குள் முன்கூட்டியே வரையறுத்த நேர்கோட்டில் இருவர் மூவர் மெதுவாக நடப்பார்கள். கண்ணில்படும் ஒவ்வொரு லத்திக் குவியலுக்கும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாடா பிடித்து அளந்து எழுதுவார்கள். தொலைவு கூடக் கூடக் கண்ணில்படும் குவியல் குறையும். அந்தக் குறைவைக் கொண்டே, பார்க்காமல் விட்டவை எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

குவியலிலிருந்து யானைக்கு வர இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்: ஒரு யானை நாளொன்றுக்கு எத்தனை முறை லத்தி போடும், போட்ட லத்தி எத்தனை நாள் அடையாளம் தெரியும்படி கிடக்கும். முதுமலை ஆய்வுகளில் முதல் எண் பதினாறை ஒட்டிக் கிடைத்தது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1,600 குவியல் இருப்பதாகவும், ஒரு குவியல் 100 நாள் கிடக்கும் என்றும் ஓர் உதாரணத்துக்குக் கொள்வோம். அங்கே இருப்பது ஒரு யானை. மழையாலும் கரையானாலும் வண்டுகளாலும் குவியல் 50 நாளிலேயே கரைந்துவிடுகிறது என்றால், அதே 1,600 குவியல் காட்டுவது இரண்டு யானைகளை! மட்கும் காலத்தைத் தவறாகக் கொண்டால் காட்டில் யானையின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். ஆகவே புதுக் குவியல்களுக்கு அடையாளம் இட்டு, அவை மறையும்வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் சலிப்பான வேலையே இம்முறையின் உயிர்.

புலிக் கணக்கில் இந்தப் பாடம் அதிக விலை கொடுத்துக் கற்கப்பட்டது. கால்தடத்தைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அறியலாம் என்ற நம்பிக்கையில் பல்லாண்டு எண்ணினார்கள். 2005-இல் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலியும் மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. அதற்கு முன்பே புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் போன்றோர் தானியங்கிக் கேமராவையும் மாதிரிக் கணக்கீட்டையும் வலியுறுத்தி வந்தனர். 2006-க்கான புதிய மதிப்பீடு 1,411 என்றபோது நாடு அதிர்ந்தது.

யானைக்கும் அதே திருப்பம் இப்போது வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் வெளியான தேசிய மதிப்பீடு, 21,056 லத்தி மாதிரிகளின் மரபணுவைக் கொண்டு 4,065 யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு, நாட்டில் 22,446 யானைகள் இருக்கலாம் என்று கணித்தது. கீழ் எல்லை 18,255, மேல் எல்லை 26,645 என்றும் உடன் சொன்னது. முறை மாறியிருப்பதால் பழைய கணக்கோடு ஒப்பிடலாகாது என்றும் அறிக்கை எச்சரித்தது. தன் எண் எவ்வளவு பிழைபடலாம் என்று தானே சொல்வது, சாண்டர்சன் காலத்திலிருந்து நாம் கடந்துவந்த தொலைவைக் காட்டுகிறது.

3. ஊகத்திலிருந்து சோதனைக்கு

எண்ணிக்கை ‘எவ்வளவு’ என்று சொல்லும். ‘ஏன்’ என்று சொல்லாது. 1981-இல் சார்லஸ் ரோம்ஸ்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் துறையினரை நோக்கி ஒரு கடுமையான விமர்சனத்தை வைத்தார். நிகழ்ந்ததைப் பார்த்துவிட்டு அதற்குப் பொருந்தும் ஒரு காரணத்தைச் சொல்லி நின்றுவிடுகிறோம். அந்தக் காரணம் உண்மையானால் வேறென்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிச் சோதிப்பதில்லை என்பது அதன் சாரம்.

அதே ஆண்டில் சென்னையைச் சேர்ந்த ராமன் சுகுமார், இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கிலின் வழிகாட்டலில், சத்தியமங்கலம் – சாமராஜநகர்க் காடுகளில் யானை ஆய்வைத் தொடங்கினார். பயிரை மேய்வது எல்லா யானையும் ஒரேபோலச் செய்யும் செயலா என்று கேட்டார். சத்து மிகுந்த பயிரால் உடல் வலுப்பெற்றால் ஆண் யானைக்கு இனப்பெருக்க வாய்ப்பு கூடும். ஆகவே ஆண் துணிந்து ஆபத்தை ஏற்கும், குட்டிகளோடு செல்லும் பெண் கூட்டம் தயங்கும் என்பது கருதுகோள். களக் கணக்கு அதை ஆதரித்தது. வளர்ந்த ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவும், பெண் கூட்டத்து யானை 8 இரவும் பயிருக்கு வந்தன. தனித்து வரும் ஆண் யானைக்கும் கூட்டத்துக்கும் ஒரே மருந்து பலிக்காது என்ற மேலாண்மைப் பாடம் அங்கிருந்து கிடைத்தது.

4. கௌண்டின்யாவுக்கு யானைகள் ஏன் வந்தன?

இக்கேள்விக்கு ஊரில் பல விடைகள் உண்டு: வறட்சி துரத்தியது, பழைய காடு துண்டுபட்டது, யானைகள் பெருகி இடம் போதவில்லை. மூன்றுமே பொருத்தமாகத் தோன்றுகின்றன. ரோம்ஸ்பர்க் எச்சரித்த பொறி இதுதான்.

வறட்சி மட்டுமே காரணமானால், மழை வந்ததும் யானைகள் திரும்பியிருக்க வேண்டும். பெருக்கம் காரணமானால், புறப்பட்ட காட்டில் யானை நெருக்கம் கூடியிருக்க வேண்டும். துண்டாடல் காரணமானால், எந்தக் காடு அழிந்ததோ அதை வாழிடமாகக் கொண்ட கூட்டமே வந்திருக்க வேண்டும். நாற்பதாண்டு கழிந்தும் யானைகள் இங்கே இருப்பதால், வறட்சி புறப்பாட்டை விளக்கலாம்; தங்கியதை விளக்காது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ரஞ்சித் மானகடன், சுவாமிநாதன், ஜே.சி. டேனியல், அஜய் தேசாய் ஆகியோர் 2010-இல் ‘கஜா’ ஆய்விதழில் இக்குடியேற்றத்தின் வரலாற்றைத் தொகுத்தனர். அத்தகைய நீண்ட பதிவே மேற்சொன்ன விடைகளைப் பிரித்தறிய உதவும்.

5. ஒப்பீடு கற்பித்த பாடம்

2013-இல் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் சுற்றிய ஆறு யானைகளை வனத்துறை, பயிற்சி பெற்ற கும்கி யானைகளின் துணையோடு பிடித்தது. பிடித்து வேறு காட்டில் விடுவது சரியான தீர்வா? இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழு இதை முறையாகச் சோதித்தது. இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜி.பி.எஸ். பட்டை பூட்டியதோடு, தம் இடத்திலேயே வாழ்ந்த ஆண் யானைகளோடும் அவற்றை ஒப்பிட்டது. மாற்றப்பட்டவற்றில் சில பழைய இடத்துக்கே நடந்து திரும்பின; சில அலைந்தன; சில புதிய இடத்தில் தங்கின. மோதலும் யானைச் சாவும் குறையவில்லை, கூடின. 2012-இல் வெளியான இம்முடிவின் வலிமை அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

6. மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

சோதனை முடியும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டுமா? இதற்கு வேலூர் மண்ணிலிருந்தே ஒரு விடை உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதைத் தீர்ப்பு குறிப்பிட்டது. மீளாத கேடு வரும் என்ற அச்சம் இருக்கும்போது, முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை செயலைச் செய்பவருடையது என்றது.

காட்டுக்கும் இது பொருந்தும். ஆபத்து தெரியும்போது உடனே செயல்பட வேண்டும். செயலைச் செய்த துறை, அது பலித்ததென்று காட்டும் சுமையையும் ஏற்க வேண்டும்.

முடிவுரை

இந்த வரலாற்றில் மாறியது கருவி மட்டுமன்று. தவறியிருக்கலாம் என்பதற்கு இடம் வைக்கும் ஒழுக்கமும் வளர்ந்திருக்கிறது. மேலாண்மை நடவடிக்கை ஒவ்வொன்றும் ஒரு கருதுகோளே. குடியாத்தம், பேரணாம்பட்டு வனச்சரகங்களில் அடுத்த சோலார் வேலி போடும்போது, ஒரேமாதிரிப் பயிரும் காட்டுத் தொலைவும் கொண்ட ஊர்களை இணையிணையாக எடுக்கலாம். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வேலி போட நிதி இருக்காது. முதலில் எந்த ஊருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், காத்திருக்கும் ஊரே ஒப்பீட்டு ஊராகும்.

நிலவில்லாத இரவில்தான் யானை இறங்கும் என்று பரணில் காவலிருக்கும் விவசாயி சொன்னால், அதுவும் மதிக்கத்தக்க கருதுகோளே. யானை வந்த தேதி, வந்தது ஒற்றையா கூட்டமா, என்ன பயிர், வேலியில் அன்று மின்சாரம் இருந்ததா என்ற நான்கையும் இழப்பீட்டு மனுவோடு சேர்த்து எழுதிவைத்தால், ஐந்தாண்டில் நிலவுக் கணக்கையும் வேலிக் கணக்கையும் சரிபார்த்துவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு நோட்டும், யானை வராத இரவையும் விடாமல் குறிக்கும் பொறுமையும்தான்.