காலையில் மடங்காத விரலுக்கு எத்தனை பர்சன்ட்?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. நடுவுல ஆலத்தியூர் போயிட்டு வந்தேன். அரியலூர் மாவட்டம், செந்துறை பக்கம், சிமெண்ட் ஃபேக்டரி இருக்கற ஊரு. எங்க அத்தை அங்கதான் இருக்காங்க. அவங்களுக்கு ஒன்பது வருஷமா முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். நோய் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம சொந்த மூட்டைத் தாக்கற ஆட்டோஇம்யூன் வியாதி.

காலையில அஞ்சரைக்கு அத்தையால ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. பத்து பதினொரு மணிக்கு விரல் கொஞ்சம் இளகிடும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக டாக்டர் பார்த்தது பதினொன்றரைக்கு! கிடைச்சது 30 சதவீதம். வேண்டியது 40.

"காலையில வந்து பாருங்கன்னு அவர்கிட்ட எப்படி தம்பி சொல்றது?"ன்னு அத்தை கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. ஊர் திரும்பினதும் இந்த 40 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

திருச்சியிலேர்ந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிஞ்சது 1995-ல. (அரியலூர் தனி மாவட்டமா நிலைச்சது 2007-ல.) அதே 1995-லதான் ஊனமுற்றோருக்கான முதல் முழுமையான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1996 பிப்ரவரி 7-ல் நடைமுறைக்கு வந்தது. பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமானவர்கள், செவித்திறன் குறைவு, கை கால் இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைவு, மனநோய் என்று மொத்தம் ஏழே வகை. அதில் 40 சதவீதம் இருந்தால்தான் சலுகை. அளப்பது எப்படி என்று 2001-ல் விரிவான வழிகாட்டி வந்தது. மூட்டு எத்தனை டிகிரி மடங்குது, தசைக்கு எவ்வளவு பலம், கை என்னென்ன வேலை செய்யுதுன்னு பார்த்துக் கணக்குப் போடணும். போலியோ வந்த காலுக்கும், விபத்தில் போன கைக்கும் இது சரியா வரும். அது காலையிலும் சாயங்காலமும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

2011 சென்சஸில் 2.68 கோடி பேர் மாற்றுத்திறனாளிகள். அதில் சுமார் 49 லட்சம் பேர் 'வேறு' என்ற கட்டத்தில்! கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் எந்தப் பட்டியல்லயும் அடங்கலை.

2007-ல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் விளைவா 2016-ல் புதுச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமல். ஏழு வகை 21 ஆச்சு. அந்த 21-ல் பெயர் சொல்லி இடம் பிடித்த ஆட்டோஇம்யூன் நோய் ஒண்ணே ஒண்ணுதான்: மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், தமிழில் தண்டுவட மரப்பு நோய். அதுக்கும் முழுசாக் கிடைக்கலை. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தரும் 34-வது பிரிவில் அதன் பெயர் இல்லை. முடக்குவாதம், லூபஸ் ரெண்டும் பட்டியலிலேயே இல்லை. நோயால கை கால் எவ்வளவு கெட்டிருக்கோ, அந்த அளவுக்கு 'இயக்கக் குறைபாடு' வாசல் வழியாத்தான் உள்ள போகணும். மருந்து சாப்பிட்டு மூட்டைக் காப்பாத்தி வெச்சிருந்தா மார்க் குறையும். என்ன கொடுமை சார் இது :-(

இத்தனைக்கும் இந்த நோய் நேரத்துக்கு நேரம் மாறும்னு மருத்துவத்துக்கு எப்பவோ தெரியும். 1980-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் ஒரு கேள்வித்தாள் தயாரிச்சாங்க. சட்டை பட்டன் போட முடியுதா, தலைக்குக் குளிக்க முடியுதா, தண்ணி டம்ளரை வாய்க்குக் கொண்டு போக முடியுதான்னு 20 கேள்வி. எல்லாமே கடந்த ஒரு வாரத்தைப் பத்தி. நம்ம போர்டு பார்க்கறது பத்து நிமிஷம்.

நம்ம சட்டமும் மாற்றமே தெரியாத சட்டம் இல்லை. குறைபாடு மாற வாய்ப்பிருந்தால் சான்றிதழுக்குக் காலவரம்பு போடச் சொல்லுது 2017 விதிகள். ஆனா வருஷத்துக்கு வருஷம் மாறுவதுதான் அதுக்குத் தெரியும், மணிக்கு மணி மாறுவது தெரியாது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதம் இல்லாதவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளியே, தேர்வு எழுத உதவியாளர் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு என்று சொன்னது. அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புப் பிரச்னை. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது! ஆனா உதவித்தொகை மாதிரி சலுகைகளுக்கு 40 அப்படியே நிக்குது.

சான்றிதழை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 59-வது பிரிவில் வழி இருக்கு. அத்தை பொண்ணுகிட்ட ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன். தினம் காலையில எத்தனை மணிக்கு விரல் மடங்குது, அதுவரைக்கும் எந்த வேலை நின்னுச்சுன்னு எழுதச் சொல்லியிருக்கேன். மூட்டு டாக்டர்கிட்ட கடிதமும் கேட்கப் போறோம். இதையெல்லாம் ஏத்துக்குவாங்களான்னு தெரியாது. ஆனா அந்த அஞ்சரை மணியை எப்படியாவது பதினொன்றரை மணிக்குக் கொண்டு போகணுமே!

உங்க வீட்டுல யாருக்காவது இந்த அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அத்தைக்குப் படிச்சுக் காட்டறேன்.