பாஸ்கல் நிரல்களில் கோப்புப் பாதையும் சோதனைத் தரவும்: கணியம்பாடிக் களப்பதிவுகளை முன்வைத்து

முன்னுரை

வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியம், பொதுநல மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறும் பெயராகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத் திட்டம் அங்கு ஊர்தோறும் பிறப்பு, இறப்புகளைப் பதிந்து வருகிறது. ஊர் நலப்பணியாளர் தரும் செய்தி செவிலியர், மருத்துவர் ஆகியோரால் படிப்படியாகச் சரிபார்க்கப்பட்டுக் கணினியில் ஏறுகிறது. ஏறத்தாழ 1,08,000 மக்களிடையே 1994 முதல் 1999 வரை நிகழ்ந்த இறப்புகளை, குடும்பத்தாரை வினவி ஆராய்ந்த கட்டுரை 2003-இல் வெளிவந்தது. இலட்சத்துக்கு 95.2 என்னும் தற்கொலை விகிதத்தை அது காட்டியது. இத்தகைய பதிவு அழிந்தால் மீளத் திரட்டுதல் அரிது. அக்காலக் கணினிகளில் பரவலாக வழங்கிய பாஸ்கல் மொழி, கோப்பின் இருப்பிடத்தையும் சோதனைத் தரவையும் எவ்வாறு கையாண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாதையற்ற மொழி

நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கலில் கோப்புப் பாதை என்னும் கருத்தே இல்லை. நிரலின் தலைப்பில் கோப்பின் பெயர் மட்டும் இடம்பெறும். அது எந்தக் கோப்பைக் குறிக்கும் என்பது நிரலுக்கு வெளியே முடிவாகும். ஐஎஸ்ஓ 7185 தரமும் இவ்விணைப்பை அந்தந்தக் கணினி அமைப்புக்கே விட்டுவிட்டது. இது குறையாகக் கருதப்பட்டாலும், நிரலைத் திருத்தாமலே சோதனைக் கோப்பையும் உண்மைக் கோப்பையும் மாற்றித் தர இடமளித்தது.

பாதை நிரலுள் புகுதல்

1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 பல அடுக்குக் கோப்பகங்களைக் கொணர்ந்தது. அதே ஆண்டில் வெளிவந்த டர்போ பாஸ்கல், ‘அசைன்’ என்னும் கட்டளையால் கோப்பின் பெயரை நிரலுக்குள்ளேயே எழுதச் செய்தது. எளிமை கூடியது, இடரும் கூடியது. ‘ரீசெட்’ இருக்கும் கோப்பைத் திறக்கும். ‘ரீரைட்’ புதுக் கோப்பை உருவாக்கும். அப்பெயரில் ஏற்கெனவே கோப்பு இருப்பின் எச்சரிக்கையின்றி அதன் உள்ளடக்கத்தை அழித்துவிடும். பாதையின்றிப் பெயர் மட்டும் எழுதப்பட்டால் நடப்புக் கோப்பகமே கொள்ளப்படும். எனவே சோதனைக்கென எழுதிய நிரலைத் தரவுக் கோப்பகத்தில் நின்று இயக்கினால், ஒத்த பெயருடைய களப்பதிவு அழியக்கூடும். எட்டெழுத்துப் பெயர் வரம்பு இவ்வொப்புமைக்கு மேலும் வழிகோலியது.

பிரித்தாளும் முறை

இதற்குத் தீர்வும் அம்மொழியிலேயே கிடைத்தது. இயக்கும்போது தரப்படும் பாதையை ‘பாரம்ஸ்டர்’ (ParamStr) செயற்கூறு வழியே பெறுதல், எழுதுமுன் ‘ஐஓரிசல்ட்’ கொண்டு கோப்பின் இருப்பை அறிதல், சோதனைத் தரவுக்குத் தனிக் கோப்பகம் வகுத்தல் ஆகியன அவை. டர்போ பாஸ்கலில் உருவான எபி இன்ஃபோ மென்பொருளும் வினாப்படிவம், தரவு, சரிபார்ப்பு விதி ஆகியவற்றை வேறுவேறு கோப்புகளாகப் பிரித்தது. 1940-இல் அமெரிக்காவின் ஓஸ்வீகோ பகுதியில் விருந்துணவால் நேர்ந்த நோய்ப்பரவல் அதன் பயிற்சித் தரவாயிற்று. வினவப்பட்ட 75 பேருள் 46 பேர் நோயுற்றனர் என்னும் விடை முன்பே தெரிந்ததாதலின், கணக்கீட்டின் சரிமையை அறிய அது உதவியது. விடை தெரிந்த தரவில் நிரலைச் சோதித்த பின்னரே விடை தெரியாத களத்தரவுக்குச் செல்லுதல் முறையாகும்.

முடிவுரை

தொடக்கப் பாஸ்கலில் நிரலுக்கு வெளியே நின்ற கோப்பின் இருப்பிடம், டர்போ பாஸ்கலில் உள்ளே புகுந்து, நல்ல நடைமுறையால் மீண்டும் வெளியே வந்தது. ஓஸ்வீகோ தரவை எத்தனை முறையும் படியெடுக்கலாம். துயருற்ற குடும்பத்தாரிடம் கேட்டறிந்த கணியம்பாடிப் பதிவுக்கோ மறுவாய்ப்பு அரிது. ஆதலின் சோதனைத் தரவையும் களத்தரவையும் வெவ்வேறு கோப்பகங்களில் வைத்தல், நிரலாக்க வசதி என்பதனினும் ஆய்வறத்தின் பாற்பட்டது எனலாம்.