கோல்பேஸ் ஹோட்டலின் வாயில்



சவளக்கடை வயல்களின் நடுவே வளர்ந்த எனக்குச் சிறுவயதில் விடுதி என்றால் வாடிவீடுதான். அரசாங்க உத்தியோகத்தர் அங்கே வந்து தங்குவர். ஊர்ப் பிள்ளைகளாகிய நாங்கள் வேலிக்கு வெளியே நின்று அவர்களின் வாகனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். உள்ளே செல்லவேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு உண்டானதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். மாலையிற் காலி முகத்திடலில் உலாவினோம். திடலின் தென்முனையில், அலைகள் வந்து மோதும் கரையில், கோல்பேஸ் ஹோட்டல் நின்றது. அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாணவி, "சேர், நாங்களும் உள்ளே போகலாமா?" என்று கேட்டாள். நான் உடனே விடை கூறவில்லை. அந்த ஹோட்டலின் வரலாற்றை நான் தேடிப் படித்தது அந்த வினாவின் பின்னரே.

ஒல்லாந்தர் காலத்து மாளிகை ஒன்று அவ்விடத்தில் இருந்தது. ஆங்கிலேய வர்த்தகர் நால்வர் கூடி, 1864ஆம் ஆண்டில் அதனை ஹோட்டலாக்கினர். மலைநாட்டிற் கோப்பிப் பயிர் செழித்திருந்த காலம் அது. அவ்வாண்டு டிசம்பரிலேதான் இலங்கையின் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிற்று. சுயஸுக்குக் கிழக்கேயுள்ள மிகப் பழைய ஹோட்டல்களுள் இதுவும் ஒன்று என்று பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் ஹோட்டல் திறக்கப்பட்டபொழுது சுயஸ் கால்வாயே திறக்கப்படவில்லை. அது 1869இல் அன்றோ திறக்கப்பட்டது!

அந்த 1869ஆம் ஆண்டு இலங்கைக்கு இரண்டு செய்திகளைக் கொண்டுவந்தது. கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான கடல்வழி சுருங்கியது ஒன்று. கோப்பி இலைகளிற் கொடிய பங்கச நோய் காணப்பட்டது மற்றொன்று. கோப்பி அழிந்தது, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. அக்காலத்திற் பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே சென்றன. கொழும்பிற் பருவக்காற்றைத் தடுக்க அரண் இல்லை. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். பத்தாண்டுகளில் அச்சுவர் நிறைவேறவே, காலியின் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கப்பல் வந்தால் பிரயாணிகள் வருவர். பிரயாணிகள் வந்தால் அறைகள் வேண்டும். 1894இல், எட்வேட் ஸ்கின்னர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி ஹோட்டல் பெருமாளிகையாக விரிந்தது. சிங்கப்பூரின் ராபிள்ஸ் ஹோட்டல் தோன்றியது 1887இல். பம்பாயின் தாஜ்மகால் ஹோட்டல் 1903இல். கோல்பேஸ் இவ்விரண்டுக்கும் மூத்தது.

அங்கே தங்கியோரின் பட்டியல் நீண்டது. விண்வெளிக்கு முதன்முதற் சென்ற யூரி ககாரினும் அதில் உண்டு. ஆதர் சி. கிளார்க், தமது "3001" என்ற நாவலின் இறுதி அத்தியாயங்களை இங்கிருந்தே எழுதினார். இங்கிலாந்து இளவரசர் பிலிப், இளம் கடற்படை வீரராக இலங்கையில் இருந்தபொழுது வாங்கிய பழைய மோட்டார் வண்டியொன்றையும் ஹோட்டலிற் காட்சிக்கு வைத்தனர்.

இப்படி விருந்தினர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் விருந்தினரின் பெட்டியைத் தூக்கியவர் யார்? விரிப்பைத் துவைத்தவர் யார்? அடுப்படியில் நின்றவர் யார்? 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் அத்தகையோருள் உலகறிந்த பெயர் ஒன்றேயொன்றுதான் எனலாம். அவரே சாத்து குட்டன்.

கேரளத்திற் பிறந்த குட்டன், பதினெட்டு வயதளவில், 1938இல் இலங்கைக்கு வந்தார். நல்ல காலத்தில் வந்தாரல்லர். 1930களில் வேலையின்மை பெருகியபொழுது, கொழும்பில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. பலர் ஊர் திரும்பினர். குட்டன் திரும்பவில்லை. 1942இல் கோல்பேஸ் ஹோட்டலில் வேலைக்கு அமர்ந்தார். ஜப்பானிய விமானங்கள் கொழும்பிற் குண்டு வீசிய ஆண்டு அது. பின்னர் வாயிற்காப்போராகி, வெள்ளை உடையும் வெண்ணிற மீசையுமாகக் கைகூப்பி வருவோரை வரவேற்றார். ஆட்சிகள் மாறின, நாட்டின் பெயரும் 1972இல் மாறிற்று, வாயிலில் அவர் மாறவில்லை. 2014 நவம்பரில், தொண்ணூறைக் கடந்த வயதிற் காலமாகும் வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஹோட்டலிலேயே சேவை புரிந்தார்.

"இவன் எங்கள் ஊரவன் அல்லன்" என்று ஒருகாலத்தில் எவர் கூட்டத்தைப் பார்த்து நகரம் கூச்சலிட்டதோ, அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரே அந்நகரத்தின் சார்பில் உலகத்தை வரவேற்றார். சரித்திரம் சிலவேளைகளில் இவ்வாறு தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். ஆயினும் எல்லாரையும் அது திருத்தமாக நினைவில் வைப்பதில்லை. குட்டன் நீண்டகாலம் வாழ்ந்தார். வாயிலில் எல்லார் கண்ணிலும் பட்டார். ஆகவே நினைவில் நின்றார். அடுப்படியில் நின்றவர்களை யார் கண்டார்?

ஹோட்டலின் அருகே விரியும் திடலுக்கும் ஒரு கதை உண்டு. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நலமாகும்படி இதனைப் பேணுக என்று தமக்குப் பின் வருவோரை அவர் கேட்டுக்கொண்டதை அங்குள்ள கல்வெட்டு இன்றும் கூறும். அவர் மனத்தில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் யாராயினும் ஆகுக. இன்று அங்கே பட்டம் விடுவோரும் இறால் வடை உண்போரும் நம்மவரே. 2022இல் ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்டு மக்கள் மாதக்கணக்காகக் கூடியிருந்ததும் அத்திடலிலேதான்.

அந்த மாணவிக்கு அன்று நான் கூறாத விடை இதுதான்: "மகளே, போகலாம். அந்த வாயிலைக் கட்டியவர் வேறு. அதனைத் திறந்து வைத்திருந்தவர்கள் நம்மைப் போன்றவர்களே."

ஊர் திரும்பியபின் மாணவரிடம் ஒரு வேலை ஒப்படைத்தேன். எங்கள் பகுதியின் பழைய வாடிவீட்டிற் சமைத்தவர், காவல் காத்தவர் யாரென்று முதியோரிடம் கேட்டு எழுதி வரும்படி சொன்னேன். தங்கிச் சென்ற பெரிய உத்தியோகத்தர் பலரின் பெயர்கள் வந்தன. சமையற்காரரின் கோழிக் குழம்பைப் பற்றி மூவர் விரிவாகச் சொல்லியிருந்தனர். அவர் பெயர் மட்டும் எவர்க்கும் நினைவில் இல்லை.