கொக்கோ மலையும் கோப்பைச் சுவையும்

நகரத்துக் கடைகளிலே சொக்கலேற் ஐஸ்கிறீமையும் சூடான சொக்கலேற் பானத்தையும் நாடிச் செல்வோர் பலர். ஒரு கடையில் இனிப்பு மிகுதி. மற்றொன்றில் நிறம் உண்டு, மணம் இல்லை. வேறொன்றிலோ பாலின் சுவையன்றிப் பிறிதொன்றும் நாவிற்படுவதில்லை. மனம் நிறையும் ஒரு கோப்பையைத் தேடிக் கண்டியிலும் கொழும்பிலும் கடை கடையாக ஏறி இறங்குவோர், அச்சுவை கடையிலே பிறப்பதன்று என்பதை எண்ணிப் பார்த்தல் அரிது. அது மலைச்சாரலிலே, மர நிழலிலே, காய் உடைக்கும் கைகளிலே பிறப்பது. இலங்கையில் அதன் பிறப்பிடத்தைக் காண விரும்புவோர் மாத்தளை நகரிலிருந்து தும்பறை மலைத்தொடரை நோக்கிச் செல்லும் பாதையில் இரத்தோட்டைக்குச் செல்லுதல் வேண்டும்.

கொழுந்து விளையும் உயர்ந்த குளிர்மலையுமன்று, நெல் விளையும் சமவெளியுமன்று இரத்தோட்டை. இரண்டிற்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பான மலைச்சாரல் அது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் அங்கே செழிக்கும். மேலே ஏறினால் ஏலம் விளைந்த காடுகள். இவற்றோடு கொக்கோ மரமும் நிழலை விரும்பி அங்கே வளர்கிறது. இம்மரத்தின் தாயகமோ கடல் கடந்த அமெரிக்கக் கண்டம்.

மெக்சிக்கோவை ஆண்ட அஸ்தெக்கு மக்கள் கொக்கோ விதையை அரைத்து, மிளகாய் சேர்த்து, நுரை பொங்க ஆற்றிப் பருகினர். விதையையே நாணயமாகவும் வழங்கினர். ஸ்பானியர் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்று சர்க்கரை கலந்தனர். 1657-ல் இலண்டன் மாநகரில் சொக்கலேற் பானம் விற்கும் கடை திறக்கப்பட்டது. 1753-ல் தாவர நூலறிஞர் இலின்னேயசு இம்மரத்திற்குச் சூட்டிய பெயரின் பொருள் ‘தேவர்களின் உணவு’ என்பதாகும். 1828-ல் ஒல்லாந்தரான வான் ஹௌற்றன் விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்து தூளாக்கும் முறையைக் கண்டார். 1875-ல் சுவிற்சர்லாந்தில் டானியல் பீற்றர் பால் கலந்த சொக்கலேற்றை ஆக்கினார். அரண்மனைக்குரிய பானம் அங்காடிப் பண்டமாயிற்று. கொக்கோவிற்கு உலகெங்கும் கிராக்கி ஏற்பட்டது.

அக்காலத்திலேதான் இலங்கையில் கோப்பிப் பயிர் மடிந்துகொண்டிருந்தது. 1869-ல் மடுல்சீமைப் பகுதியில் முதலிற் காணப்பட்ட இலைநோய், சில ஆண்டுகளில் மலைநாடு முழுவதும் பரவிற்று. துரைமார் மாற்றுப் பயிரைத் தேடினர். உயர்ந்த மலைகளில் தேயிலை இடம்பிடித்தது. தாழ்ந்த சாரல்களிலோ, தும்பறையின் பல்லேகலைத் தோட்டத்தில் டைற்லர் என்னும் துரை வழிகாட்டக் கொக்கோ பரவிற்று. பேராதனைத் தாவரவியற் பூங்கா அதற்குத் துணைநின்றது. 1880-ல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது. மலைச்சாரலின் விளைவு கொழும்புத் துறைமுகத்தை விரைவில் அடைய வழி பிறந்தது.

துரைமாரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. மரம் நட்டவர்களின் பெயர்கள் இல்லை. தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை வந்தடைந்தவர்களும் அவர்களின் மக்களுமே இம்மலைகளின் தொழிலாளர். கோப்பிக் காலத்தில் அவ்வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். உயிருடன் வந்து சேர்ந்தோர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாக இருந்தது. அங்கு ஓங்கி நிற்கும் முத்துமாரியம்மன் கோயில் அவ்வழி வந்தோரின் நினைவை இன்றும் சுமந்து நிற்கிறது.

கொக்கோத் தொழில் வலிமையைக் காட்டிலும் நுண்மையை வேண்டுவது. இம்மரம் அடிமரத்திலும் பெருங்கிளையிலும் பூப்பது. பூவோ மிகச் சிறியது. கொசுவினும் சிறிய ஈக்களே அதில் மகரந்தம் சேர்ப்பன. காய் முற்ற ஐந்தாறு திங்கள் ஆகும். பறிக்குங்கால் கத்தி சற்றே தவறிக் காம்படியைக் காயப்படுத்தினால் அவ்விடத்தில் மறுபடி பூ அரும்பாது. காயை உடைத்தால் வெண்ணிறச் சதையில் பொதிந்த முப்பது நாற்பது விதைகள் இருக்கும். பச்சை விதையில் சொக்கலேற் மணம் சிறிதுமில்லை. கசப்பும் துவர்ப்புமே உண்டு. விதைகளைக் குவித்து மூடிவைத்தால் சதை புளித்துச் சூடேறும். அச்சூட்டினாலேதான் விதையினுள் மணத்திற்கான வித்து ஊன்றப்படுகிறது. குவியலை உரிய வேளையிற் கிளறிவிடல் வேண்டும். குறைந்தால் கசப்பு, மிகுந்தால் அழுகல். வறுப்போர் எத்துணை வல்லவராயினும் இங்கே நேர்ந்த பிழையை அங்கே திருத்தல் இயலாது.

இலங்கைத் தோட்டங்களில் புளித்த விதையை நீரிற் கழுவித் தூய்மை செய்து உலர்த்துவது வழக்கமாயிற்று. ‘இலங்கைச் சிவப்பு’ எனப்பட்ட மென்மையான இனம் அந்நாளிற் பெரிதும் பயிரிடப்பட்டது. அதன் விதையை உடைத்தால் உள்ளே கறுவாப்பட்டையின் வெளிர்நிறம் தோன்றும்; கசப்பும் குறைவு. வெளிர்நிறச் சொக்கலேற் செய்வோர் அதனை விரும்பி வாங்கினர். இலண்டன் சந்தையில் அதற்கு உயர்ந்த விலை கிடைத்தது. ஆயினும் இவ்வினம் நோயைத் தாங்கவில்லை. 1890-களில் பட்டையை அழுகச்செய்யும் நோய் தோட்டங்களைப் பீடித்தது. ஆராய்வதற்கென வந்த கறதர்சு என்னும் அறிஞர், நோயுற்ற பட்டையைச் செதுக்கி எறியவும், அழுகிய காய்களை எரிக்கவும், அடர்ந்த நிழலைக் குறைக்கவும் அறிவுறுத்தினார். மென்மையான சிவப்பினத்தின் இடத்தை வலிய இனங்கள் பிடித்தன. காலப்போக்கில் றப்பரும் பிற பயிர்களும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ள, கொக்கோ சிறுத்தது.

இனி, கோப்பைக்கு வருவோம். கொக்கோ விதையிற் பாதியளவு கொழுப்பாகும். உடற்சூட்டிற்குச் சற்றே குறைந்த வெப்பத்தில் அது உருகுமாதலின், சொக்கலேற் நாவிலே தானாகக் கரைகிறது. சூடான பாலிற் கலந்தாலோ, ஆவியோடு மணமும் எழுந்து மூக்கை நிறைக்கும். சூடான பானத்தின் நிறைவு இதுவே. ஐஸ்கிறீமின் நிலை வேறு. குளிரில் நா மரத்துப்போகும், மணம் மேலெழாது, கொக்கோக் கொழுப்பும் இறுகிவிடும். ஆகவே ஐஸ்கிறீமுக்குத் தூள் தாராளமாக வேண்டும். தூளைக் குறைத்து நிறத்தையும் சர்க்கரையையும் கூட்டும் கடைக்காரர் வாயைக் குளிர்விப்பரேயன்றி மனத்தை நிறைவிப்பாரல்லர்.

இத்தாலியின் நேப்பிள்சு நகரிலே 1690-களில் வெளியான சமையல் நூலொன்றிலேயே குளிர்ந்த சொக்கலேற் இடம்பெற்றது. வெப்ப நாடுகளிலோ பனிக்கட்டியே அரும்பொருள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த கட்டடம் ஐஸ்ஹவுஸ் என்றே பெயர்பெற்றது. கொழும்பில் 1866-ல் ஐஸ் கம்பெனியொன்று தோன்றியது. பின்னாளில் யானைச் சின்னத்தோடு ஐஸ்கிறீமுக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

இவ்வாறு உலகின் பல திசைகளிலிருந்து வந்த பொருள்கள் ஒரு கிண்ணத்திலே கூடுகின்றன. ஆனால் காய் உடைத்த கை அக்கிண்ணத்தை ஏந்தியதா? விதையைச் சூழ்ந்த புளிப்பும் இனிப்புமான வெண்சதை ஒன்றே லயத்துப் பிள்ளைக்கு எட்டிய கொக்கோச் சுவை எனலாம். விதை கப்பலேறிற்று, விலை உயர்ந்த பண்டமாக மாறித் திரும்பிற்று. உழைத்தவர்க்கு நிலமும் இல்லை. 1948-ம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றோராக்கிற்று. 1964-ம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைக் கணக்கிட்டு இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் நிறைவேறிற்று.

இன்று மாத்தளையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் நல்ல கொக்கோக் கன்றுகளை வளர்க்க வழிசொல்கிறது. வீட்டுத் தோட்டங்களிலே மிளகுக் கொடியின் அருகே கொக்கோ நிற்கிறது. ஆயினும் உள்நாட்டு விளைவு போதாமையால் கொக்கோப் பொருள்கள் இன்னும் பிற நாடுகளிலிருந்து வருகின்றன. இரத்தோட்டை விதை இரத்தோட்டையிலேயே பக்குவமாகப் புளித்து, வறுபட்டு, அரைபட்டு, அதை விளைவித்தவரின் பிள்ளைகள் பருகும் கோப்பையில் நிறையுமாயின், சுவை தேடுவோர் நகரம் நோக்கி ஓட வேண்டியதில்லை. நகரமே மலைச்சாரலைத் தேடி வரும். நிறைந்த கோப்பை என்பது பருகுவோனின் மனத்தை மட்டுமன்றி, விளைவித்தோனின் வயிற்றையும் நிறைக்கும் கோப்பையேயாகும்.