சாம் குக்: ஒரு சிறு செய்தி பாடலான கதை

செய்தியின் ஆயுள் ஒரு நாள் என்பது பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற முதற்பாடம். அதற்கு விதிவிலக்கும் உண்டென்பதை அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக்கின் வாழ்க்கை எனக்கு உணர்த்தியது.

1931 இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளாக்ஸ்டேல் நகரில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த குக், சிக்காகோவில் வளர்ந்தார். 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் பக்திப் பாடற்குழுவில் முன்னணிப் பாடகராகப் புகழ்பெற்றார். 1957 இல் தாமே எழுதிப் பாடிய 'யூ சென்ட் மீ' என்ற காதற்பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பக்திப்பாடகர் காதல் பாடுவதா எனப் பழைய இரசிகர் பலர் முகஞ்சுளித்தனர். ஆயினும், தேவாலயத்தின் உருக்கத்தை உலகியற் பாடலுக்குள் கொணர்ந்த அத்துணிவே 'சோல்' இசைக்கு வழிவகுத்தது. தம் பாடல்களின் பதிப்புரிமையையும் அவர் பிறரிடம் விட்டுவிடவில்லை.

1963 ஒக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்பதிவு செய்திருந்த விடுதியில் குக்குக்கும் மனைவிக்கும் அறை மறுக்கப்பட்டது. தோலின் நிறமே காரணம். குக் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். பின்னர், அமைதியைக் குலைத்தார் என்று பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். பத்திரிகைகளுக்கு அது ஒரு சிறு செய்தி மட்டுமே.

வெள்ளையரான பொப் டிலான் சமூக அநீதியைப் பற்றி எழுதிய பாடலைக் கேட்டு, தாம் அப்படி எழுதவில்லையே என்று முன்னரே வருந்தியவர் குக். இவ்விரண்டு அனுபவங்களிலிருந்தும் 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' பிறந்தது. 1964 ஜனவரி 30 இல் அது ஒலிப்பதிவாகியது. பெப்ரவரி 7 இல் தொலைக்காட்சியில் அதைப் பாடினார். அந்த ஒளிநாடா பாதுகாக்கப்படவில்லை. இரண்டு நாள் கழித்து பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றவே, நாடெங்கும் அவர்களைப் பற்றியே பேச்சு.

அவ்வாண்டு டிசெம்பர் 11 இல், லொஸ் ஏஞ்சலிஸில் விடுதி முகாமையாளர் ஒருவரால் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. தற்காப்புக்காகச் சுட்டதாக மரண விசாரணை முடிவுற்றது. குடும்பத்தினர் பலர் அதை ஏற்கவில்லை.

அதன் பின்னரே அப்பாடல் தனி இசைத்தட்டாக வெளிவந்தது. நிறப் பாகுபாட்டை நேரடியாகச் சுட்டும் பகுதி அதில் நீக்கப்பட்டிருந்தது. கத்தரிக்கோலின் வேலையை நன்கறிந்த பத்திரிகையாளன் என்ற வகையில், இது என்னை இன்றும் வருத்துகிறது. நல்லவேளையாக, முன்னர் வெளியான இசைத்தொகுப்பில் பாடல் முழுமையாகவே இருந்தது. குடியுரிமைப் போராட்டத்தினர் அதைத் தமது கீதமாக்கிக்கொண்டனர்.

2019 இல் ஷ்ரீவ்போர்ட் நகர முதல்வர் குக்கின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரினார். அந்தப் பாடல் மட்டும் இல்லாதிருந்தால், 56 ஆண்டுகளுக்கு முந்திய அக்கைதை அந்நகரம் நினைவில் வைத்திருந்திருக்குமா என்று எண்ணிப்பார்க்கிறேன்.