ஃப்ளீட்வூட் மக்: ப்ளூஸிலிருந்து பொப்புக்குப் போன பாதை

ஃப்ளீட்வூட் மக் என்ற பிரித்தானிய றொக் குழுவிடம், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அல்பங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1968 பெப்ரவரியில் வந்தது, மற்றது 1975இல். அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இரண்டும் ஒரே குழுவின் வேலை என்று யாரும் நம்பமாட்டார்கள். முதலாவதில், சிக்காகோவின் பழைய ப்ளூஸை அப்படியே பிடித்துவிடப் பார்க்கிற நான்கு ஆங்கிலேயப் பெடியள். இரண்டாவதில், கலிஃபோர்னிய வெயில் பட்ட மாதிரியான பொப். மூன்று பேர் மாறி மாறிப் பாடுகிறார்கள், அவர்களில் இரண்டு பேர் பெண்கள். நடுவில் ஏழு வருடம்தான். இரண்டிலும் இருக்கிற ஆட்கள் இரண்டே பேர்: ட்ரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வூட், பேஸ் கிற்றார் வாசிக்கும் ஜோன் மக்வீ.

இந்த மாற்றத்தைப் பற்றி வழக்கமாக இரண்டு கதைகள் சொல்லப்படும். ப்ளூஸ் பிரியர்களைக் கேட்டால், "பீற்றர் கிறீன் போனதோட எல்லாம் முடிஞ்சுது, மிச்சமெல்லாம் காசுக்குச் செய்தது" எண்டு சொல்லுவினம். பொப் பக்கம் நிற்பவர்களுக்கு 1975க்கு முந்தியதெல்லாம் ஒரு முன்னுரை மட்டும்தான். ஒலிப்பதிவுகளை வந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போனால் இரண்டு கதையும் நிற்காது.

குழுவின் பெயரில் இருந்தே தொடங்கலாம். ஜோன் மேயோலின் ப்ளூஸ்பிறேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளப்ரனின் இடத்துக்கு வந்தவர் பீற்றர் கிறீன். கிழக்கு லண்டனின் சாதாரண யூதக் குடும்பத்துப் பிள்ளை. மேயோல் அவருக்கு ஸ்டூடியோ நேரம் கொஞ்சத்தைப் பரிசாகக் கொடுத்தார். கிறீன், ஃப்ளீட்வூட், மக்வீ மூவரும் சேர்ந்து அந்த நேரத்தில் சில பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றில் ஒரு வாத்தியப் பாட்டுக்கு, தாளம் பிடித்த இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து 'ஃப்ளீட்வூட் மக்' என்று பெயர் வைத்தார் கிறீன். 1967இல் சொந்தக் குழு தொடங்கியபோது குழுவுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் நிகழ்ச்சி நடந்தபோது மக்வீ குழுவில் சேரவே இல்லை, பெயர்தான் முதலில் சேர்ந்திருந்தது. சனம் பார்க்க வந்தது கிறீனை. ஆனால் அவர் தன் பெயரைப் போடாமல், பின்னால் நிற்கிற இரண்டு பேரின் பெயரைப் போட்டார்.

முதல் அல்பம் இங்கிலாந்தில் 4ஆம் இடம் வரை போனது. றொபேர்ட் ஜோன்சன், எல்மோர் ஜேம்ஸ், ஹவுலின் வுல்ஃப் போன்றவர்களின் பாட்டுகளோடு, அதே அச்சில் எழுதிய சொந்தப் பாட்டுகளும் அதில் இருக்கின்றன. இரண்டாவது அல்பமான 'மிஸ்ரர் வொண்டர்ஃபுல்' அதே வருடம் ஓகஸ்டில் வந்தது. அதில் நான்கு பாட்டுகள் எல்மோர் ஜேம்ஸின் ஒரே கிற்றார் தொடக்கத்தோடுதான் தொடங்கும். கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் பாதை அடைபட்டுக்கொண்டு வருவதும் காதில் படும். மற்றவர்களின் வீட்டில் எவ்வளவு நாள் விருந்தாளியாக இருக்கலாம்?

'சுத்தமான ப்ளூஸ்' என்று பேசுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1969 ஜனவரியில் இந்தக் குழு சிக்காகோவுக்கே போய், புகழ்பெற்ற செஸ் ஸ்டூடியோவில் ஓற்றிஸ் ஸ்பான், வில்லி டிக்ஸன், படி கை போன்ற கறுப்பினக் கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்தது. மடி வோட்டர்ஸின் பியானோக்காரரான ஸ்பானின் தனி அல்பம் ஒன்றுக்கும் அந்த மாதமே கிறீனும் மக்வீயும் வாசித்துக் கொடுத்தார்கள். ப்ளூஸ் யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் தெற்கில் பஞ்சுத் தோட்டங்களில் வேலை செய்து, பிறகு சிக்காகோவுக்கு ரயில் ஏறிய சனத்தின் இசை அது. லண்டனில் இசைத்தட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது இரவல்தான். இரவல் வாங்குவது குற்றம் இல்லை. ஆனால் இரவல் வாங்கியதை 'சுத்தம்' என்றும், அதைவிட்டு வெளியே வந்ததைத் 'துரோகம்' என்றும் சொல்லுவது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று, ப்ளூஸை விட்டு முதலில் நடக்கத் தொடங்கியவர் பீற்றர் கிறீனேதான். 1968 கடைசியில் வெளியாகி, அடுத்த ஜனவரியில் இங்கிலாந்தில் முதலாம் இடத்துக்கு வந்த 'அல்பட்ரொஸ்' பாட்டில் குரலே கிடையாது. ப்ளூஸின் 12 பார் கணக்கும் இல்லை. மெல்லிய கிற்றார்கள், அலை மாதிரி வந்து போகிற ட்ரம்ஸ், அவ்வளவுதான். பிறகு வந்த 'மேன் ஒஃப் த வேர்ள்ட்' மிகவும் அமைதியான, தனிமையைச் சொல்லுகிற பாட்டு. 'ஓ வெல்' இரண்டு பகுதி: முதல் பகுதி கனமான றொக், இரண்டாவது ஸ்பானிய கிற்றார் சாயலில் போகிற நீண்ட வாத்திய இசை. கிறீன் எழுதிய 'பிளாக் மஜிக் வுமன்' பாட்டைப் பலர் சன்ரானாவின் பாட்டு என்றே நினைக்கிறார்கள்; சன்ரானா அதைப் பதிவு செய்தது 1970இல், மூலம் இவர்களுடைய 1968 பதிவு. 'கிறீன் இருந்தவரை ப்ளூஸ்' என்ற கணக்கு இங்கேயே பிழைக்கிறது.

1970 மே மாதம் கிறீன் குழுவை விட்டார். அவருடைய கடைசிப் பாட்டான 'த கிறீன் மனலிஷி' பணத்தைப் பிசாசாகப் பார்க்கிற பாட்டு. உழைத்த காசைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் குழுவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். போதைப் பொருளும் நடுவில் வந்தது. பிறகு மனச்சிதைவு நோய் என்று கண்டறியப்பட்டு, வருடக்கணக்காகச் சிகிச்சையில் இருந்தார். அடுத்த வருடம் இன்னொரு கிற்றார்காரரான ஜெரமி ஸ்பென்ஸர், லொஸ் ஏஞ்சலிஸில் புத்தகக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் ஒரு மதக்குழுவோடு சேர்ந்து திரும்பி வரவே இல்லை. 18 வயதில் குழுவில் சேர்ந்த டனி கேர்வன் 1972இல் நீக்கப்பட்டார். பின்னாளில் லண்டனில் வீடில்லாமல் இருந்தவர், 2018இல் காலமானார். துரோகக் கதையும் சரி, வெற்றிக் கதையும் சரி, இந்த மூன்று பேரையும் ஒரு வரியில் கடந்து போய்விடும். 1969இல் வந்த 'தென் பிளே ஓன்' அல்பத்தில் கேர்வனின் பாட்டுகளைக் கேட்டால், பின்னால் வரப்போகும் மெல்லிய பொப்பின் விதை அங்கேயே இருப்பது தெரியும்.

அதற்குப் பிறகு 1974 வரை ஆறு அல்பங்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அமெரிக்கரான பொப் வெல்ச் சேர்ந்தார். ஒரு கட்டத்தில் குழுவின் முகாமையாளர் வேறு ஆட்களைச் சேர்த்து அதே பெயரில் போலிக் குழுவொன்றையே சுற்றுப்பயணம் அனுப்பினார். இந்தக் காலத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பாலம் இங்கேதான் கட்டப்பட்டது, கட்டியவர்களில் முக்கியமானவர் கிறிஸ்ரின் மக்வீ.

கிறிஸ்ரினை எல்லாருக்கும் தெரிவது இனிமையான பொப் பாட்டுக்காரியாக. உண்மையில் அவர் சிக்கன் ஷக் என்ற ப்ளூஸ் குழுவின் பியானோக்காரர். எற்றா ஜேம்ஸின் 'ஐட் றாதர் கோ ப்ளைண்ட்' பாட்டை அவர் அந்தக் குழுவோடு பாடி 1969இல் இங்கிலாந்துப் பட்டியலில் இடம்பிடித்தார். 'மிஸ்ரர் வொண்டர்ஃபுல்' அல்பத்தில் பியானோ வாசித்ததும் அவர்தான். ஜோன் மக்வீயைத் திருமணம் செய்து, 1970இல் முழுநேரமாகக் குழுவுக்குள் வந்தார். ஆக, ப்ளூஸையும் பொப்பையும் வேறுபடுத்த ஒரு கோடு கீறினால், அது கிறிஸ்ரினின் இரண்டு கைகளுக்கும் நடுவால்தான் போகும்.

1974 முடிவில் லின்ஸி பக்கிங்ஹம், ஸ்டீவி நிக்ஸ் என்ற அமெரிக்கச் சோடி சேர்ந்தது. 1975 அல்பம் வெளிவந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் முதலாம் இடத்துக்கு ஏறியது. அடுத்தது 1977இன் 'றூமர்ஸ்'. அதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மக்வீ தம்பதி பிரிந்துகொண்டிருந்தது, பக்கிங்ஹமும் நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள், ஃப்ளீட்வூட்டின் திருமணமும் உடைந்துகொண்டிருந்தது. ஒருவரைப் பற்றி மற்றவர் பாட்டு எழுத, எழுதப்பட்டவரே அதற்கு வாசிக்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்ப ஓட்டியதில் ஒலிநாடாவே தேய்ந்துபோனது. அமெரிக்காவில் 31 வாரம் முதலாம் இடம், உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் என்று கணக்குச் சொல்லுகிறார்கள்.

இதில் ப்ளூஸ் எங்கே என்று கேட்கலாம். 'ட்ரீம்ஸ்' பாட்டைக் கேளுங்கள். ப்ளூஸுக்கு மூன்று கோர்ட் வேணும். இது கிட்டத்தட்ட இரண்டே கோர்டில் முடிகிறது. மக்வீயின் பேஸ் ஒரு சுரம் கூட அதிகமாக வாசிக்காமல் அப்படியே நிற்கிறது. குறைவாக வாசித்து இடம் விடுகிற இந்தப் பழக்கம் அவர்கள் ப்ளூஸில் கற்றது. 'த செயின்' பாட்டு துண்டு துண்டாக ஒட்டிச் செய்தது, ஐந்து பேரின் பெயரும் போட்ட ஒரே பாட்டும் அதுதான். கடைசிப் பகுதியில் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் தனியாக வரும். பிறகு ட்ரம்ஸ் அதைத் தாங்கிக்கொண்டு மேலே போகும். பீற்றர் கிறீன் எந்த இரண்டு பேரின் பெயரைக் குழுவுக்கு வைத்தாரோ, அதே இரண்டு பேர். கூடவே, தன் நோவைத் தானே சனத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுவதும் ப்ளூஸின் அடிப்படைப் பழக்கம்தானே? 1968இல் இவர்கள் பாடியது பெரும்பாலும் மற்றவர்களின் நோவு. 1977இல் பாடியது தங்களுடையது.

அதற்காக எதுவும் இழக்கப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. கிறீனின் கிற்றாரில் இருந்த மௌனம் பிறகு வந்த எந்த அல்பத்திலும் இல்லை. ஆனால் காசுக்குத்தான் மாறினார்கள் என்றால், 'றூமர்ஸ்' போலவே இன்னொன்றைச் செய்திருக்கலாம். 1979இல் அவர்கள் செய்தது, ஒரு பல்கலைக்கழக பாண்ட் வாத்தியக் குழுவையும் சேர்த்துக்கொண்ட, 10 இலட்சம் டொலருக்கு மேல் செலவான 'டஸ்க்' என்ற விசித்திரமான இரட்டை அல்பம். விற்பனை 'றூமர்ஸ்'க்குக் கிட்டவும் வரவில்லை.

கிறீன் 2020 ஜூலையில் காலமானார், கிறிஸ்ரின் 2022 நவம்பரில். புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்: 'பிளாக் மஜிக் வுமன்', 'அல்பட்ரொஸ்', கிறிஸ்ரினின் 'ஐட் றாதர் கோ ப்ளைண்ட்', பிறகு 'ட்ரீம்ஸ்', கடைசியாக 'த செயின்'. பாடுகிறவர்களை ஒருக்கா விட்டுவிட்டு, பேஸையும் ட்ரம்ஸையும் மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.